தண்டனை முடிந்த பின்னும் தண்டனையா?



திருச்சுழிக்குத் தெற்கே ஒரு சிற்றூர். ரமழானுக்கு முந்திய மாதம் ஜமாஅத் கூடித் தலைக்கட்டு வரிப் புத்தகத்தைப் புதுப்பித்துக்கொண்டிருந்தது. அந்த ஊர்ப் பள்ளிவாசலில் நாம் இமாமத் செய்துவந்த காலம் அது. வேலை பார்த்த கடையில் பணத்தைக் கையாடிய வழக்கில் இரண்டு ஆண்டு சிறைத் தண்டனை பெற்று, அதை முழுவதும் அனுபவித்துவிட்டு ஊர் திரும்பியிருந்த ஒருவர் அந்தக் கூட்டத்திற்கு வந்தார். தமது பங்கு வரியைக் கையில் எடுத்து நீட்டினார். கணக்கெழுதியவர் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமல், "உங்க பேரைப் பிறகு பார்ப்போம்" என்றார். வந்தவர் அந்த நோட்டுகளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். அடுத்த ஜும்ஆவில் அவரைக் காணவில்லை. கொஞ்ச நாளில் ஊரிலும் காணவில்லை.

அந்தக் கூட்டத்தில் பேசக் கடமைப்பட்டிருந்தவர்கள் நாம். மார்க்கம் படித்தவர்கள் என்று மிம்பரில் ஏறுகிறவர்கள் நாம். நாமும் வாய் திறக்கவில்லை. 'நிர்வாகத்தார் விஷயம், நமக்கெதற்கு' என்று இருந்துவிட்டோம். அந்த மௌனம்தான் இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது.

கேள்வி இதுதான். ஒரு மனிதன் குற்றம் செய்தான். கோர்ட்டு அவனுக்குரிய தண்டனையை அளந்து கொடுத்தது. அதை அவன் அனுபவித்து முடித்தான். இனி அவன் யார்? குற்றவாளியா, குற்றவாளியாக இருந்தவனா? சர்க்கார் விதிக்கும் தண்டனையின் அளவும் முறையும் அவன் திருந்துவதற்குத் துணையாக இருக்கின்றனவா, தடையாக இருக்கின்றனவா? அவன் திரும்பி வரும் ஊருக்கு இதில் பொறுப்பு உண்டா?

தண்டனை எதற்காக?

தண்டனைகளைப் பற்றி எழுதிய பிக்ஹு இமாம்கள் இரண்டு சொற்களைக் கையாண்டார்கள். ஒன்று 'ஜவாஜிர்', அதாவது குற்றத்திலிருந்து தடுப்பவை. மற்றொன்று 'ஜவாபிர்', அதாவது உடைந்ததைச் சேர்ப்பவை. எலும்பு முறிந்த இடத்தில் வைத்தியர் கட்டும் கட்டுக்கும் அரபியில் இந்த வேர்ச்சொல்தான். ஹனபி அறிஞர்கள் முதல் கருத்துக்கு அழுத்தம் கொடுத்தார்கள். ஷாபிஈ அறிஞர்கள் இரண்டாவதையும் சேர்த்தார்கள். உலகில் தண்டனை பெற்றவருக்கு அதுவே அந்தக் குற்றத்தின் பரிகாரமாகிவிடுகிறது என்ற கருத்தில் உபாதா இப்னு ஸாமித் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸை அதற்கு ஆதாரமாகக் காட்டினார்கள்.

இதை நம் வீட்டுப் பேச்சில் சொல்வதானால், தண்டனை ஒரு கடனைத் தீர்ப்பது போன்றது. கடனைத் தீர்த்தவனிடம் மீண்டும் மீண்டும் வசூல் செய்வதற்கு நம் ஊரில் என்ன பெயர் என்பது வாசகர்களுக்குத் தெரியும்.

பயானில் சொல்லாமல் விட்ட பாதி

குறைஷிகளில் மக்ஸூம் கோத்திரத்துப் பெண் ஒருத்தி திருடிய சம்பவம் நம் வாசகர்கள் பலமுறை கேட்டதுதான். மக்கா வெற்றியின்போது நடந்தது. உயர்ந்த குலத்துப் பெண் என்பதால் அவளுக்காகப் பரிந்துபேச உஸாமா (ரலி) அவர்களை அனுப்பினார்கள். பெருமானார் (ஸல்) அவர்கள் கோபமுற்றார்கள். எளியவனைத் தண்டித்துப் பெரியவனை விட்டுவிட்டதால்தான் முந்திய சமூகங்கள் அழிந்தன என்று எச்சரித்தார்கள். தமது சொந்த மகளே ஆனாலும் சட்டம் ஒன்றுதான் என்று அறிவித்தார்கள். தண்டனை நிறைவேற்றப்பட்டது.

நமது பயான்கள் இந்த இடத்தில் நின்றுவிடுகின்றன. ஹதீஸ் நிற்கவில்லை. அதே சம்பவத்தை அறிவிக்கும் அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அதன் பின்பாதியையும் சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பெண் அழகிய முறையில் தவ்பாச் செய்தாள், மணமுடித்துக்கொண்டாள், பிறகு தம்மிடம் வந்து போய்க்கொண்டிருந்தாள், அவளுடைய தேவைகளைத் தாம் நபி (ஸல்) அவர்களிடம் எடுத்துச் சொல்வது வழக்கம் என்கிறார்கள்.

சகோதரர்களே! சற்று நின்று யோசியுங்கள். திருட்டுக்காகத் தண்டிக்கப்பட்டவள். அந்தத் தண்டனையோ மறைக்க முடியாதது; பார்க்கிறவர் கண்ணுக்கெல்லாம் தெரிவது. அவளை மணந்துகொள்ள ஒருவர் முன்வந்தார். மதீனாவில் எந்த வீட்டுக்கு முதல் மரியாதையோ அந்த வீட்டின் வாசல் அவளுக்குத் திறந்திருந்தது. 'இவள் வந்து போனால் சாமான்களைப் பார்த்துக்கொள்ளுங்கள்' என்று அன்னையவர்கள் சொன்னதாக எந்தக் கிதாபிலும் நாம் படித்ததில்லை. சட்டத்தில் கடுமை, சட்டம் முடிந்ததும் கருணை. முதல் பாதியைச் சொல்லி மறு பாதியை மறைத்தால், அந்த ஹதீஸை நாம் சொன்னதாக ஆகுமா?

இன்னொரு நிகழ்ச்சி புகாரியில் வருகிறது. அப்துல்லாஹ் என்ற ஒருவர் மது அருந்தியதற்காக ஒருமுறையல்ல, பலமுறை தண்டனை பெற்றவர். ஒருநாள் தண்டனை முடிந்ததும் கூட்டத்திலிருந்து ஒருவர் அவரைச் சபித்தார். நபி (ஸல்) அவர்கள் அதைத் தடுத்து, அவர் அல்லாஹ்வையும் அவனது தூதரையும் நேசிப்பவர் என்று சாட்சி கூறினார்கள். இதே போன்ற மற்றொரு அறிவிப்பில், தண்டிக்கப்பட்டவரை ஏசியவர்களிடம், உங்கள் சகோதரருக்கு எதிராக ஷைத்தானுக்குத் துணைபோகாதீர்கள் என்ற கருத்தில் கண்டித்தார்கள். குற்றத்தில் மீண்டும் மீண்டும் விழுந்தவருக்கே இந்த மரியாதை.

நம் சீமை கண்ட ரேகைச் சட்டம்

தண்டனை முடியாமல் நீண்டுகொண்டே போனால் என்ன ஆகும் என்பதை அறிய நாம் தூர தேசங்களுக்குப் போக வேண்டியதில்லை. அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் 1985 வரை இராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தவை. இந்த வானம் பார்த்த பூமியின் முதியோர்களிடம் 'ரேகைச் சட்டம்' என்று சொன்னால் போதும். அவர்கள் பெற்றோர் பட்ட பாட்டைச் சொல்வார்கள்.

1871இல் வெள்ளைக்கார ஆட்சி வட இந்தியாவில் குற்றப் பரம்பரைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. 1911ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் அது சென்னை மாகாணத்திற்கும் வந்தது. 1924இல் மீண்டும் தொகுக்கப்பட்டது. மதுரைச் சீமையின் பிரமலைக் கள்ளர்கள் மீதும், பின்னர் இராமநாதபுரத்து ஆப்பநாட்டு மறவர்கள் மீதும் அது பாய்ந்தது. நம் பெரியவர்கள் மாமன், மச்சான் என்று முறை சொல்லி அழைத்துப் பழகிவரும் மக்கள் அவர்கள்.

அந்தச் சட்டத்தின் கீழ் ஒருவன் குற்றம் செய்திருக்க வேண்டியதில்லை. அந்தச் சாதியில் பிறந்திருந்தால் போதும். கைரேகையைப் பதிவு செய்ய வேண்டும். இரவில் போலீஸ் கச்சேரியில் ஆஜராக வேண்டும். வெளியூர் போக ராதாரிச் சீட்டு வாங்க வேண்டும். ரேகை வைக்க மறுத்ததற்காக 1920 ஏப்ரல் 3ஆம் நாள் பெருங்காமநல்லூரில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் மாயக்காள் என்ற பெண் உட்படப் பலர் மாண்டனர். மதுரையில் ரோசாப்பூ துரை என்று மக்கள் அன்போடு அழைத்த பாரிஸ்டர் ஜார்ஜ் ஜோசப், பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் போன்றோர் இந்தச் சட்டத்தை எதிர்த்துப் போராடினார்கள்.

நம் விஷயத்திற்கு நெருக்கமானது அந்தச் சட்டத்தின் தண்டனைப் பிரிவு. பதிவு செய்யப்பட்ட ஒருவர் குறிப்பிட்ட சில குற்றங்களில் இரண்டாம் முறை தண்டிக்கப்பட்டால், விசேட காரணம் இருந்தாலன்றி ஏழு ஆண்டுக்குக் குறையாத சிறை. மூன்றாம் முறையானால் ஆயுள் முழுதும் நாடு கடத்தல். அதே குற்றத்தைச் செய்த மற்றவருக்கு இந்தக் கட்டாயம் இல்லை. ஆள் யார் என்று பார்த்துத்தான் அளவு. மக்ஸூம் கோத்திரத்துப் பெண்ணுக்குச் சலுகை கேட்டவர்களின் அநீதி தலைகீழாகத் திரும்பி நின்றது என்று சொல்லலாம். அங்கே பெரிய குலத்திற்குக் குறைத்துக் கேட்டார்கள். இங்கே குலத்தைச் சொல்லியே கூட்டிக் கொடுத்தார்கள்.

இதன் விளைவு என்ன? இரவெல்லாம் கச்சேரியில் கிடப்பவன் விளைந்த கொல்லைக்கு எப்படிக் காவல் இருப்பான்? சீட்டு இல்லாமல் அடுத்த தாலுகாவுக்குக் களை வெட்டவோ கதிர் அறுக்கவோ எப்படிப் போவான்? மழை தப்பிய வருஷத்தில் வெளியூர்ப் பிழைப்புதானே இந்தச் சீமையில் உயிரைக் காப்பது? நேர்வழியில் உழைக்கும் வாசலையெல்லாம் அடைத்துவிட்டு, 'இவன் நேர்வழியில் உழைப்பதில்லை' என்று அதே சட்டம் சாட்சி சொல்லிற்று. திருத்துவதற்கென்று வந்த சட்டம் திருந்துவதற்கான இடத்தையே எடுத்துக்கொண்டது.

சென்னை மாகாணத்தில் 1947இலும், நாடு முழுவதும் 1952 ஆகஸ்டு 31இலும் அந்தச் சட்டம் நீங்கியது. ஆயினும் அதன் நிழல் உடனே நீங்கவில்லை. வழக்கமான குற்றவாளிகளைக் கட்டுப்படுத்துவதற்கென்று சென்னையில் 1948இல் வேறொரு சட்டம் வந்தது. சிறைகளில் சாதி பார்த்து வேலை கொடுப்பதையும், சாதி பார்த்துப் பிரித்து அடைப்பதையும், ஒரு காலத்தில் குற்றப் பரம்பரை என்று எழுதப்பட்ட மக்களைப் பிறவியிலேயே பழகிய குற்றவாளிகளாகக் கருதும் விதிகளையும் சுப்ரீம் கோர்ட் செல்லாதவை என்று தீர்ப்பளித்தது 2024 அக்டோபர் 3ஆம் தேதிதான். அந்த வழக்கில் எடுத்துக்காட்டப்பட்ட சிறைகளுள் நமது பாளையங்கோட்டை மத்திய சிறையும் ஒன்று. சட்டம் போய் எழுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் பதிவேடு போகவில்லை!

அளவும் முறையும்

இன்றைய நிலைமைக்கு வருவோம். தண்டனையின் அளவு மனிதனை என்ன செய்கிறது என்பதை மூன்று விதமாகப் பார்க்கலாம்.

முதலாவது, சிறிய குற்றத்திற்குக் குறுகிய காலச் சிறை. ஆறு மாதமோ மூன்று மாதமோ உள்ளே போகிறவன் ஒரு தொழிலைக் கற்றுக்கொள்ள அந்தக் காலம் போதாது. ஆனால் தறியில் இருந்த வேலையும், மில்லில் இருந்த இடமும் போவதற்கு அது தாராளமாகப் போதும். உள்ளே கிடைப்பது பழைய கைகளின் சகவாசம். வெளியே கிடைப்பது 'ஜெயிலுக்குப் போனவன்' என்ற பட்டம். இந்தக் கேட்டை அறிந்துதான் சென்னை மாகாணம் 1936இலேயே நன்னடத்தைச் சட்டம் இயற்றியது. நாடு முழுவதற்குமான சட்டம் 1958இல் வந்தது. தகுந்த வழக்குகளில் சிறைக்கு அனுப்பாமல், நன்னடத்தைப் பிணையில், அலுவலரின் மேற்பார்வையில் விட அது இடம் தருகிறது. இருபத்தொரு வயதுக்கு உட்பட்டவரைச் சிறைக்கு அனுப்புவதானால் அதற்குரிய காரணத்தை நீதிபதி எழுத வேண்டும் என்கிறது. இப்படி ஒரு சட்டம் இருப்பதே நம்மில் எத்தனை குடும்பங்களுக்குத் தெரியும்?

2024 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்த பாரதீய நியாய சன்ஹிதா இன்னும் ஒரு படி சென்றிருக்கிறது. திருடிய பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் குறைவாக இருந்து, அவன் முதன்முறையாகத் தண்டிக்கப்படுபவனாகவும் இருந்து, பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பிக் கொடுத்துவிட்டால், சமூகத்திற்குப் பயன்படும் ஊதியமில்லாத வேலையே தண்டனை. மார்க்கம் படித்தவர்களுக்கு இதைக் கண்டதும் தவ்பாவின் ஷர்த்துகள் நினைவுக்கு வரும். குற்றத்தை விடுவது, வருந்துவது, மீண்டும் செய்வதில்லை என்று உறுதி கொள்வது. மனிதனின் ஹக்காக இருந்தால் அதை உரியவனிடம் ஒப்படைப்பது. அதே சட்டம் இரண்டாம் முறை திருட்டில் தண்டிக்கப்பட்டவனுக்கு ஓராண்டுக்குக் குறையாத கடுங்காவல் என்றும் சொல்கிறது. எனவே முதல் தடவைக்கும் இரண்டாம் தடவைக்கும் இடையிலுள்ள காலம்தான் அந்த மனிதனின் தலைவிதியைத் தீர்மானிக்கிறது. அந்தக் காலத்தில் அவன் இருப்பது கோர்ட்டின் கையில் அல்ல, நம் கையில்!

இரண்டாவது, தீர்ப்பே இல்லாத தண்டனை. 2022ஆம் ஆண்டு முடிவில் இந்தியச் சிறைகளில் இருந்தவர்கள் 5,73,220 பேர். அவர்களில் 4,34,302 பேர், அதாவது நூற்றுக்கு எழுபத்தைந்துக்கும் மேல், விசாரணைக் கைதிகள். குற்றவாளி என்று எந்த ஜட்ஜும் சொல்லாதவர்கள். இவர்களில் பலர் ஜாமீனுக்கு ஆள் இல்லாமலும், ஜாமீன் தொகை கட்ட வழியில்லாமலும் கிடப்பவர்கள். குற்றம் நிரூபிக்கப்படாதவனிடம் 'திருந்து' என்று எப்படிச் சொல்வது? எதிலிருந்து திருந்துவது? இவன் வெளியே வரும்போது கையில் இருப்பது கசப்பு ஒன்றுதான்.

மூன்றாவது, முடிவு தெரியாத நீண்ட சிறை. மரண தண்டனையும் விதிக்கத்தக்க குற்றத்தில் ஆயுள் தண்டனை பெற்றவர் பதினான்கு ஆண்டாவது உள்ளே இருக்க வேண்டும் என்ற விதி 1978 முதல் உள்ளது. அதற்குப் பிறகு விடுவிப்பதா இல்லையா என்பது சர்க்காரின் முடிவு. கொலை போன்ற பெருங்குற்றத்தில் நீண்ட தண்டனை தவறு என்று நாம் சொல்ல வரவில்லை. ஆனால் நன்றாக நடந்தால் கதவு ஒருநாள் திறக்கும் என்ற நம்பிக்கை இருப்பவனுக்கும், எப்படி நடந்தாலும் ஒன்றுதான் என்று ஆகிவிட்டவனுக்கும் வித்தியாசம் இருக்கிறது. அல்லாஹ்வின் ரஹ்மத்தில் நம்பிக்கை இழப்பதை மார்க்கம் பெரும்பாவங்களில் ஒன்றாக வைத்ததன் காரணத்தைச் சிந்தித்தால் இது விளங்கும். நம்பிக்கை போனவனிடம் நன்மையை எதிர்பார்க்க முடியாது.

1977ஆம் ஆண்டு ஆந்திரத்திலிருந்து வந்த ஒரு மோசடி வழக்கில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர், குற்றவாளியைத் திருத்தி மீட்பதே தண்டனையின் நோக்கமாக இருக்க வேண்டுமென்று விரிவாக எழுதினார். மூன்றாண்டுச் சிறையைப் பதினெட்டு மாதமாகக் குறைத்தார். அந்த இளைஞனின் தகுதிக்கேற்ற வேலை அவனுக்குக் கொடுக்கப்பட வேண்டுமென்றும், அவன் குடும்பத்தோடு தொடர்பு அறுந்துவிடாதிருக்க விடுப்பு வேண்டுமென்றும் சொன்னார். குடும்பத் தொடர்பு என்பது சாதாரண விஷயமல்ல. திருச்சுழிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து மதுரைச் சிறைக்கு 'மனு' பார்க்கப் போகும் பெண்ணுக்கு ஒருநாள் கூலி போகும்; பஸ் கட்டணம் போகும்; அங்கே கிடைப்பதோ சில நிமிஷப் பேச்சு. மாதம் ஒன்றாக இருந்தது, மூன்று மாதத்திற்கு ஒன்றாகி, பிறகு நின்றுவிடும். அப்படி நின்றுபோன குடும்பத்திற்குத் திரும்பி வருகிறவன் விருந்தாளியாகக்கூட அல்ல, அந்நியனாக வருகிறான்.

நல்ல முயற்சிகளும் உண்டு; அவற்றைச் சொல்லாமல் விடுவது நீதியாகாது. சிவகங்கை மாவட்டத்தில் காளையார்கோவில் பக்கம் புரசடைஉடைப்பில் திறந்தவெளிச் சிறை ஒன்று இருக்கிறது. நம்மைப் போன்ற வறண்ட பூமிதான். நன்னடத்தையுள்ள கைதிகள் அங்கே உயர்ந்த மதில் இல்லாமல் விவசாயம் செய்கிறார்கள். ஓடிப்போக வழியிருந்தும் ஓடாமல் மண்வெட்டி பிடிப்பவன், நம்பப்படுவதால் நம்பிக்கைக்குரியவனாகிறான்.

சிறையைப் பற்றி மார்க்க அறிஞர்கள் சிந்திக்காமல் விடவில்லை. இமாம் அபூயூஸுப் (ரஹ்) அவர்கள் கலீபா ஹாரூன் ரஷீதுக்கு எழுதிய 'கிதாபுல் கராஜ்' நூலில் கைதிகளுக்கென்றே ஒரு பகுதி உண்டு. கைதிகள் விலங்கோடு வீதியில் பிச்சை கேட்க விடப்படுவதைக் கண்டித்து, உணவுக்கான படியைப் பைத்துல்மாலிலிருந்து கொடுக்க வேண்டும், கோடைக்கும் குளிருக்கும் தனித்தனி உடை கொடுக்க வேண்டும் என்று எழுதினார்கள். நின்று தொழ முடியாதபடி யாரையும் விலங்கிடலாகாது என்ற உமர் இப்னு அப்துல் அஜீஸ் (ரஹ்) அவர்களின் உத்தரவையும் அதில் பதிவு செய்திருக்கிறார்கள். தண்டனை ஒருவனது நடமாட்டத்தைத்தான் எடுக்கிறது, மனிதத் தன்மையை எடுப்பதில்லை என்பது அவர்களின் கொள்கை.

பறிகொடுத்தவனுக்கு என்ன பதில்?

இங்கே ஒரு கேள்வி நியாயமாக எழும். "திருடனுக்கும் கொலைகாரனுக்கும் இவ்வளவு பரிந்து பேசுகிறீர்களே, பறிகொடுத்தவனுக்கு யார் பேசுவது? மகளின் கல்யாணத்திற்குச் சேர்த்த நகை போனவளிடம் போய் இந்த உபதேசத்தைச் சொல்வீர்களா?" என்று கேட்கலாம்.

இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்க நமக்கு உரிமை இல்லை. ஷரீஅத்தில் பறிகொடுத்தவனின் ஹக்கு அல்லாஹ்கூட அவன் சார்பில் விட்டுக்கொடுக்காத ஹக்கு. கொலையில் மன்னிக்கும் உரிமையை ஆட்சியாளருக்கு அல்ல, இறந்தவனின் வாரிசுகளுக்கே மார்க்கம் முதலில் கொடுத்தது. எனவே திருந்தினேன் என்று சொல்லிக்கொண்டு, எடுத்ததைத் திருப்பித் தர எண்ணமில்லாதவனின் தவ்பா நிறைவானதல்ல. சிலரைப் பொதுமக்களின் பாதுகாப்புக்காக நீண்ட காலம் அடைத்துவைக்க வேண்டியும் இருக்கலாம். எல்லாக் கைதிகளும் திருந்திவிடுவார்கள் என்று நாம் சொன்னால் அது பொய்யாகும்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். வெளியே வந்தவனுக்கு வேலை கொடுக்காமல் விரட்டினால் பறிகொடுத்தவளின் நகை திரும்பிவிடுமா? அவன் உழைத்துச் சம்பாதித்தால்தான் ஒரு பவுனாவது திரும்பும். அவனை மீண்டும் திருட்டுக்குத் தள்ளினால், இன்னொரு வீட்டு நகைதான் போகும். ஆகவே அவன் திருந்துவதற்கு வழி செய்வதும், பறிகொடுத்தவரின் ஹக்கைக் காப்பதும் ஒன்றுக்கொன்று விரோதமானவை அல்ல. கடுமையே வேண்டாம் என்பதல்ல நமது வாதம். கடுமைக்கு ஓர் எல்லை வேண்டும், அந்த எல்லை வந்ததும் நிறுத்த வேண்டும் என்பதுதான்.

ஊரின் பங்கு

நூறு கொலை செய்தவனைப் பற்றிய ஹதீஸ் நாம் அறிந்தது. தொண்ணூற்றொன்பது கொலைகள் செய்தவன் ஒரு துறவியிடம் போய்த் தவ்பா உண்டா என்று கேட்டான். இல்லை என்றார். அவரையும் கொன்று நூறாக்கினான். பிறகு ஓர் ஆலிமிடம் போனான். அவர் உண்டு என்றார். அதோடு நிற்கவில்லை. உன் ஊர் கெட்ட ஊர், இன்ன ஊருக்குப் போ, அங்கே அல்லாஹ்வை வணங்கும் மக்கள் இருக்கிறார்கள், அவர்களோடு சேர்ந்து வணங்கு என்று வழி காட்டினார்.

வாசல் இல்லை என்று சொன்னவரால் இன்னொரு கொலை கூடியது. வாசல் உண்டு என்று சொன்னவரோ, மன்னிப்பை மட்டும் சொல்லாமல் ஊரையும் சொன்னார். தனி மனிதன் தனியாகத் திருந்துவது அரிது. அவன் சேர்ந்து திருந்துவதற்கு ஒரு ஊர் வேண்டும். நம் ஊர் அந்த ஊரா, அல்லது அவன் விட்டுப் போகவேண்டிய ஊரா? திருச்சுழிக்குத் தெற்கே மடித்த நோட்டுகளோடு போனவர் விஷயத்தில் நாம் எந்த ஊராக இருந்தோம்?

"அப்படியானால் வந்தவனை உடனே நம்பிக் கல்லாப் பெட்டியைக் கொடுக்கச் சொல்கிறீர்களா?" என்றால், இல்லை. பிக்ஹு இதற்கும் வழி சொல்லியிருக்கிறது. பாவம் செய்தவனின் தவ்பா உண்மையானதா என்று பார்க்க ஒரு கால அளவு வேண்டும் என்று ஷாபிஈ இமாம்கள் சொன்னார்கள். பெரும்பாலோர் அதை ஓராண்டு என்று கணித்தார்கள். நான்கு பருவமும் அவன் மீது கடந்து போகட்டும், அதற்குள் அவன் நடத்தை தெரிந்துவிடும் என்பது கருத்து. அதன் பிறகு அவனது சாட்சியமே ஏற்கப்படும். ஹனபிகளிடத்தில் அவதூறு சுமத்தித் தண்டிக்கப்பட்டவனின் சாட்சியம் மட்டும் தவ்பாவுக்குப் பின்னும் ஏற்கப்படாது. திருட்டு முதலிய மற்றக் குற்றங்களில் திருந்தியவனின் சாட்சியத்தை அவர்களும் ஏற்கிறார்கள். கவனியுங்கள்: அவர்கள் நிரந்தரமாக வைத்த ஒரே முத்திரை நாவினால் பிறர் மானத்தைக் கெடுத்தவனுக்கு! சிறை சென்றவனைப் பற்றித் திண்ணையில் உட்கார்ந்து பேசுகிற நாம் எந்த உறுப்பால் பேசுகிறோம்?

ஓராண்டு பார்க்கலாம் என்று மார்க்கம் சொல்கிறது. ஆயுள் முழுவதும் பார்ப்போம் என்று நாம் சொல்கிறோம். பார்ப்பதற்கும் அவன் நம் கண் முன்னால் இருக்க வேண்டாமா? விரட்டிவிட்டு எப்படிப் பார்ப்பது?

செய்யக்கூடியவை

ஒவ்வொரு ஜமாஅத்தும் பெரிய ஏற்பாடு எதுவுமில்லாமல் செய்யக்கூடியவை சில உண்டு. குடும்பத் தலைவர் சிறையில் இருந்தாலும் தலைக்கட்டுப் புத்தகத்தில் அந்தக் குடும்பத்தின் பெயர் இருக்கட்டும். பிள்ளைகளின் படிப்பும், 'மனு' பார்க்கப் போகும் செலவும் ஸதகாவிலிருந்து நடக்கட்டும். ஜாமீன் தொகை கட்ட முடியாத ஏழை விசாரணைக் கைதிக்கு 40,000 ரூபாய் வரையும், அபராதம் கட்ட முடியாத தண்டனைக் கைதிக்கு 25,000 ரூபாய் வரையும் உதவ 2023இல் மத்திய சர்க்கார் ஒரு திட்டம் வகுத்தது. முதன்முறைக் குற்றம் சாட்டப்பட்டவர், சில பெருங்குற்றங்கள் நீங்கலாக, அதிகபட்ச தண்டனையில் மூன்றில் ஒரு பங்கு காலத்தை விசாரணைக் கைதியாகவே கழித்துவிட்டால் ஜாமீனில் விடவேண்டும் என்று புதிய நடைமுறைச் சட்டமும் சொல்கிறது. படித்த இளைஞர் ஒருவர் இவற்றைத் தெரிந்துவைத்துக் கொண்டால் ஊருக்கே உதவும்.

விடுதலையாகி வருபவன் ஏழையாயின் ஸகாத் பெறும் எட்டுக் கூட்டத்தாரில் அவன் சேர்கிறான். கடன்பட்டவனாயின் அந்த வகையிலும் சேர்கிறான். தவறான வழியில் பட்ட கடனாக இருந்தாலும் தவ்பாச் செய்தபின் கொடுக்கலாம் என்று ஷாபிஈ அறிஞர்கள் இடம் தந்திருக்கிறார்கள். ஒரு தையல் மெஷின், ஒரு தள்ளுவண்டி, மல்லிகைப் பூக் கட்டி விற்க ஒரு சிறு முதல். கையில் ரொக்கமாக மட்டும் கொடுப்பதைவிட இது மேல். அவன் சம்பாதிக்கத் தொடங்கியதும் பறிகொடுத்தவருக்குச் சிறுகச் சிறுகத் திருப்பிக் கொடுக்க ஜமாஅத்துப் பெரியவர் ஒருவர் நடுவில் நிற்கட்டும். அவன் மகளுக்குச் சம்பந்தம் வரும்போது, அறியாத பிள்ளையின் மீது தகப்பனின் வழக்கைச் சுமத்தாதிருப்போம். பிறப்பைப் பார்த்துக் குற்றம் எழுதிய ரேகைச் சட்டத்தை அநீதி என்கிறோம்; அதையே நம் வீட்டு நிகாஹில் செய்தால் அதற்கு என்ன பெயர்?

யூஸுப் (அலை) அவர்கள் குற்றமின்றிச் சிறையில் இருந்தார்கள். விடுதலையாகிப் போன ஒருவன் தன்னை அரசனிடம் நினைவூட்டுவான் என்று எதிர்பார்த்தார்கள். அவன் மறந்துவிட்டான், அவர்கள் மேலும் சில ஆண்டுகள் உள்ளேயே இருக்க நேர்ந்தது. சிறையில் இருப்பவனை வெளியில் இருப்பவன் மறந்துவிடுவது அன்றும் நடந்தது, இன்றும் நடக்கிறது.

நமது மௌனத்தின் கதையை முடித்துவிடுகிறோம். அந்த மனிதர் பிறகு கமுதிப் பக்கம் சீமைக் கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போடும் கூலிகளோடு இருக்கிறார் என்று கேள்விப்பட்டு, நாம் தேடிப் போனோம். கரி படிந்த கையைத் துடைத்துக்கொண்டு ஸலாம் சொன்னார். அன்று பேசாமல் இருந்ததற்கு அவரிடம் மன்னிப்புக் கேட்டோம். சற்று நேரம் பேசாமல் நின்றவர், "ஹழ்ரத், நான் மன்னிப்புக் கேட்டு வந்த அன்னைக்கு என்கிட்ட யாரும் இப்படி ஒரு வார்த்தை பேசலையே" என்றார். குறையாகச் சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னார். ஊருக்கு வரச் சொன்னோம். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

அடுத்த ரமழானுக்கு முன் ஜமாஅத் மீண்டும் கூடும். நாம் இப்போது அந்த ஊரில் இல்லையாயினும் அந்தக் கூட்டத்திற்குப் போவோம்; அவர் பெயரை எழுதச் சொல்லிக் கேட்போம், இன்ஷா அல்லாஹ். இதைப் படிக்கும் ஒவ்வொருவரும் தத்தம் ஊர்ப் புத்தகத்தைத் திறந்து, எழுதாமல் விட்ட பெயர் எது என்று ஒருமுறை பாருங்கள்.

நம் பதிவேட்டிலிருந்து நம் பாவங்களை அழித்து, அவற்றின் இடத்தில் நன்மைகளை எழுதுமாறு இரவு பகலாக நாம் அல்லாஹ்விடம் கேட்கிறோம். அதையே நம்மிடம் கேட்டு வருகிற அடியானுக்கு மனமுவந்து செய்ய, வல்ல அல்லாஹ் நமக்கு அருள் புரிவானாக! ஆமீன்.